கொம்பு மேலே, கொம்பு கீழே

திருகோணமலைத் துறைமுகத்தைக் காண வருவோர் கோட்டைக்கும் கோணேசர் கோவிலுக்கும் சென்று திரும்புவதே வழக்கம். ஆனால் உள்துறைமுகத்து நீர் மாலையில் பொன்னாகி, பின் ஈயமாகி, பின் கறுத்து இருளோடு ஒன்றாகிவிடுவதை ஆறுதலாக இருந்து பார்க்க வேண்டுமாயின் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு விறாந்தை வேண்டும். அந்த மேட்டுக்கு உவர்மலை என்ற தமிழ்ப் பெயரும் உண்டு. இரண்டு பெயரும் இன்றும் வழங்குகின்றன. சென்ற தை மாதக் கடைசியில் நமக்கு அத்தகைய விறாந்தை ஒன்று மூன்று நாளைக்கு வாய்த்தது. நண்பர் ஒருவருடைய வீடு அது.

அந்த விறாந்தைச் சுவரில், நாட்காட்டிக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவே, ஒரு காட்டுப்பன்றியின் மண்டையோடு மாட்டியிருந்தது. நீண்ட முகவெலும்பு, பழுப்பேறிய பற்கள், வாயின் இரு புறத்திலும் மேல் நோக்கி வளைந்த கொம்புகள். கீழ்த்தாடையில் இடப் பாதியைக் காணவில்லை. மிச்சமிருந்த பாதியைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வருகிற விருந்தினர் எவருக்கும் அது அழகாகத் தோன்றியிராது. நமக்கும் தோன்றவில்லை. ஆயினும் வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத இரவு வேளையில் கண் அங்கேதான் போயிற்று.

வீட்டுப் பிள்ளை பாடசாலையில் ஒன்பதாந் தரம் படிக்கிறவன். நாம் மண்டையோட்டைப் பார்ப்பதை அவன் பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஓடிப்போய், வாசிகசாலையிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த படப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்தான். அமெரிக்கக் கண்டத்து விலங்குகளைப் பற்றிய புத்தகம் அது. அதில் ஒரு பக்கத்தை விரித்து, அங்கே இருந்த மண்டையோட்டுப் படத்தைச் சுட்டிக்காட்டினான். கழுத்தில் வெள்ளை மாலை போட்டாற் போன்ற மயிர்க்கோடு உடைய சிறிய பன்றியொன்றின் படமும் பக்கத்தில் இருந்தது.

"மாமா, இதில் மேல்வாய்க் கொம்பு கீழே பார்க்கிறது. எங்கள் வீட்டுப் பன்றியின் மேல்வாய்க் கொம்பு மேலே பார்க்கிறது. புத்தகத்தில் படம் பிழையா? இல்லாவிட்டால் எங்கள் பன்றி பிழையா?"

வாசக நண்பர்களே, இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாள்முதல் எத்தனையோ கேள்விகள் நமக்கு வந்திருக்கின்றன. இவ்வளவு கூர்மையான கேள்வி வந்ததாக நினைவில்லை. விலங்கியல் படித்தவர்கள் இரண்டு பெருங் குடும்பங்களைப் பிரித்தறியப் பயன்படுத்தும் முதல் அடையாளமே அதுதான். அந்தச் சிறுவன் எவரும் சொல்லிக்கொடாமல் ஒரு சுவரையும் ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

படத்திலும் பிழையில்லை, பன்றியிலும் பிழையில்லை. புத்தகத்தில் உள்ளது பன்றியே அன்று. அதன் பெயர் பெக்கரி. அமெரிக்காவின் தென்மேற்கிலே அரிசோனா, டெக்சாஸ் முதலிய மாநிலங்கள் தொடங்கித் தெற்கே ஆர்ஜென்டீனா வரையில் வாழ்வது. அரிசோனா மக்கள் ஸ்பானிய வழியில் அதனை ஹவலீனா என்றும் அழைப்பர். பன்றிக் குடும்பம் ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா என்னும் பழைய உலகத்துக்கு உரியது. பெக்கரிக் குடும்பம் இன்று புதிய உலகத்தில் மாத்திரம் எஞ்சியிருப்பது. இரண்டின் முன்னோரும் பிரிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்லக்கூட முடியாத தூரத்து உறவு. முகச்சாடை மாத்திரம் மாறவில்லை.

கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில், 1493ஆம் ஆண்டில், கப்பலில் பன்றிகளை ஏற்றிக்கொண்டு போகும்வரை அமெரிக்கக் கண்டத்தில் உண்மையான பன்றி ஒன்றேனும் இருந்ததில்லை. பின்னே சென்ற ஐரோப்பியர் காட்டில் பெக்கரியைக் கண்டபோது பன்றி என்றே எண்ணினர். ஆனால் அதன் முதுகின் பின்புறத்தில், வாலுக்குச் சற்று முன்னே, ஒரு துளை போன்ற உறுப்பு இருக்கக் கண்டு திகைத்தனர். முதுகில் கொப்பூழ் உள்ள பன்றி என்று ஊருக்கு எழுதிவிட்டனர்! அது கொப்பூழ் அன்று. மணம் கசியும் சுரப்பி. இரண்டு பெக்கரிகள் ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வாற்பக்கமாக அருகருகே நின்று, ஒன்றின் சுரப்பியில் மற்றது தன் கன்னத்தைத் தேய்த்துக்கொள்ளும். இவ்வாறு கூட்டம் முழுவதும் ஒரே வாசனையாகிவிடுகிறது. கண்பார்வை மந்தமான இவ்விலங்குகள் முட்புதருக்குள்ளே தம்மவர் யார், அயலார் யார் என்று அறிவது அந்த வாசனையால்தான்.

இனிக் கொம்புக்கு வருவோம். கொம்பு என்று நாம் சொல்வது உண்மையில் கோரைப்பல். காட்டுப்பன்றியின் கீழ்க் கோரைப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. மேற்பற்களும் வெளிப்புறமாகத் திரும்பி மேலே வளைந்து, கீழ்ப்பல்லோடு உராய்ந்து, அதனைக் கத்தி தீட்டும் கல்லைப் போலத் தீட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே ஆண் பன்றி தாக்கும்போது பெரும்பாலும் கடிப்பதில்லை. தலையைக் கீழிருந்து மேலாக வீசிக் கிழிக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று இப்படிக் கிழிப்பதனால் அவற்றின் தோளின் மேல் தோல் தடித்து, உள்ளே கேடயம் கட்டினாற்போல இறுகிவிடுகிறது. பெக்கரிக்கோ மேற்பல் நேராகக் கீழே இறங்கிக் கீழ்ப்பல்லோடு பூட்டும் திறப்புமாகப் பொருந்தும். அது வாயை மேலும் கீழுமாகவே அசைக்க முடியும். அந்தப் பிடியில் அகப்பட்டது நொறுங்கும். வெண்ணுதட்டுப் பெக்கரி என்னும் வகை, நாம் கல்லால் குத்தினாலும் உடையாத பனைச் சாதிக் கொட்டைகளைத் தாடையால் உடைத்துத் தின்கிறது. அதன் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, பற்களைக் கடகடவென்று ஒலித்தபடி அமேசன் காட்டில் வருவது நெஞ்சை நடுங்கவைக்கும் என்று கேட்டவர்கள் கூறுவர்.

மற்ற வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடுவோம். பன்றிக்கு 44 பற்கள், பெக்கரிக்கு 38. பன்றியின் பின்காலில் நான்கு குளம்புகள். பெக்கரிக்குப் பெரும்பாலும் மூன்றே. பெக்கரியின் வால் இருப்பதும் இல்லாததும் ஒன்று. இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது, ஆனால் மாட்டைப் போல அசைபோடுவதில்லை. கழுத்து மாலைப் பெக்கரி 15 முதல் 30 கிலோகிராம் வரை நிறைகொண்டது. நம் ஊர் ஆண் காட்டுப்பன்றியோ 100 கிலோவையும் தாண்டும். பெக்கரி வழக்கமாக இரட்டைக் குட்டி போடும். காட்டுப்பன்றி நாலைந்து, சில வேளை அதற்கும் மேல். இந்தக் கடைசி வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பலகாமத்துக்கு நாம் போகும்போது அது வேண்டியிருக்கும்.

வறண்ட நிலத்துப் பெக்கரிக்குப் பிடித்த உணவு எதுவென்று கேட்டபோது பையன் சிரித்துவிட்டான். நாகதாளி! நம் கடற்கரை மணலிலும் பாழ்நிலத்திலும் மண்டிக் கிடக்கும் அந்தக் கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. பெக்கரி அதனை முள்ளோடு சேர்த்து மென்றுவிடும். உணவும் தண்ணீரும் அதற்கு ஒன்றிலேயே கிடைத்துவிடுகின்றன. நாகதாளி கடல் கடந்து வந்தபோது அதைத் தின்னத் தெரிந்த பிராணி கூட வரவில்லை.

பெக்கரிகளுள் இப்போது மூன்று வகைகளே இருக்கின்றன. மூன்றாவதன் கதை கதையைப் போலவே இருக்கும். 1930ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவில் கிடைத்த பழைய எலும்புகளைக் கொண்டு, அழிந்துபோன ஒரு பெரிய பெக்கரி என்று அதற்குப் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். 1970களில் பராகுவே நாட்டின் சாக்கோ என்னும் முட்காட்டுக்கு ஆராய்ச்சிக்குச் சென்ற ரால்ஃப் வெட்செல் என்பவரும் அவருடன் சென்றோரும் அதே விலங்கை உயிரோடு கண்டனர். 1975இல் அச்செய்தி வெளியாயிற்று. உலகம் வியந்தது. அந்தக் காட்டு மக்கள் மாத்திரம் வியக்கவில்லை. அவர்கள் அதனைத் தாகுவா என்று அழைத்து, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி உண்டு வந்திருக்கிறார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு இணை உண்டு. அசாமின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் குள்ளப் பன்றி தோளுயரத்தில் ஒரு முழத்தைக்கூட எட்டாதது. அழிந்துவிட்டது என்று பலரும் கைவிட்டிருந்த அது 1971இல் மீண்டும் அகப்பட்டது. 1996 முதல் அங்கே அதனைக் காப்பில் வளர்த்துப் புல்வெளிக்கு மீட்டு விடும் பணி நடந்து வருகிறது.

"அப்படியானால் நம்முடையது?" என்றான் பையன். தூரத்து உறவினரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்து, வீட்டில் இருப்பவரை மறந்துவிட்டோம்.

நம்முடையதைப் பற்றித் தமிழர் அறியாதது ஏது? கேழல், ஏனம், வராகம் என்று எத்தனை பெயர்! தொல்காப்பிய மரபியல் பன்றியின் குட்டியைக் குருளை என்று வழங்கச் சொல்கிறது. பெண்ணைப் பிணவு என்கிறது. ஆணைக் களிறு என்பதற்கும் இடங்கொடுக்கிறது. யானைக்கு அளித்த சொல்லைப் பன்றிக்கும் அளித்த முன்னோர், வயற்காவலில் அதனை நேரில் சந்தித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நற்றிணையிலே ஒரு பன்றி தினைப்புனத்துக்குள் நுழையும் வேளையில் பல்லி சொல்லக் கேட்டு, சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிறது. சிவபெருமான் மார்பில் ஏனக் கொம்பு கிடப்பதைத் தேவாரம் ஓதுவோர் அறிவர். இவற்றையெல்லாம் கேட்டு, அந்தப் பெருமைக்கு உரியவர் எப்படி வாழ்கிறார் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

காட்டுப்பன்றியின் வாழ்வு முழுவதும் மூக்கில் இருக்கிறது. மூக்கின் நுனியில் வட்டத் தகடு. அதற்குள்ளே பெரும்பாலான விலங்குகளில் காணாத ஒரு சிறிய தனியெலும்பு. பின்னே உரம் வாய்ந்த கழுத்துத் தசைகள். அந்த மூக்கே அதற்குக் கண், அதற்கு மண்வெட்டி, அதற்குக் கலப்பை. மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கையும் மண்புழுவையும் வண்டுப் புழுவையும் மணத்தால் அறிந்து கிளறி எடுக்கும். விழுந்த பழம், செத்த விலங்கு, பாம்பு, தவளை, கடற்கரையில் ஆமை இட்ட முட்டை எதனையும் தள்ளாது. மழைக்குப் பின் காட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போருக்கு, ஏர் பூட்டி உழுதாற்போலப் புரட்டிக் கிடக்கும் நிலம் தென்படும். அந்தப் புரட்டலில் சருகு மண்ணுக்குள் போகிறது, விதை புதைகிறது, இறுகிய மண் நீர் குடிக்கிறது. கூலி கேளாத உழவன் என்று சொல்வதற்கு நமக்கு ஆசை உண்டு. விடியும்போது வயலைக் கண்டு நெஞ்சடைத்து நின்ற உழவர்கள் இதை வாசிப்பார்கள் என்பதனால் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறோம்.

பெண் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் தனியன். இணைசேரும் காலத்தில் மாத்திரம் கூட்டத்தை நாடி வருவான். வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் வசதி பன்றிக்கு இல்லை. ஆகவே சேறு அதற்கு அழுக்கன்று, நிழலைப் போன்ற தேவை. புரண்டு பூசிய சேறு வெப்பத்தைத் தணிப்பதோடு உண்ணியையும் பூச்சியையும் அடைத்துக் கொல்கிறது. காய்ந்த பின் மரத்தில் தேய்த்து உதிர்த்துவிடும். தண்ணீரில் நன்றாக நீந்தவும் வல்லது. சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள். குட்டி போடும் காலத்தில் பிணவு செய்யும் வேலையைப் பலர் அறியார். நீண்ட புல்லைக் கடித்துக் கடித்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் குவித்து, அந்தக் குவியலுக்குள் நுழைந்து, தன் உடலாலேயே கூரையும் அறையுமாக ஆக்கிவிடும். பறவைக்குக் கூடு கட்டத் தெரியும் என்று வியக்கிறோம், பன்றியும் கட்டும். அந்தக் கூட்டுக்குள் பிறக்கும் குருளைகளின் உடலில் அணிலைப் போல நீளக் கோடுகள் இருக்கும். சருகில் படுத்தால் கண்ணுக்கு அகப்படா. சில மாதங்களில் கோடுகள் மறைந்துவிடும்.

இவ்வளவு குட்டிகளும் பிழைத்தால் காடு தாங்காது. பிழைப்பதில்லை. இலங்கைக் காட்டில் புலி இல்லை, சிறுத்தையே அரசன். அவனுக்குப் பன்றிக்குட்டி எளிய உணவு. மலைப்பாம்பும் நரியும் முதலையும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். சிறுத்தை குறைந்த இடத்தில் பன்றி பெருகுகிறது. பன்றி பெருகிய இடத்தில் வயல் அருகே இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல, வீட்டின் பின்கட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார்.

அவர் பையனுடைய அம்மப்பா. எண்பதை நெருங்குகிறவர். தம்பலகாமத்தில், ஆதிகோணநாயகர் கோவிலுக்கு அப்பால், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வெளியிலே, அவருக்கு இன்றும் வயல் உண்டு. மகளோடு உவர்மலையில் தங்குவது மருத்துவத்துக்காக; மனம் வயலில்தான். அவர் வாயில் அது பன்றி அன்று, பண்டி.

"தம்பி, நீங்கள் பல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். வேளாண்மை பால் பிடிக்கிற காலத்தில் அது வருகிறதைப் பற்றிச் சொல்லவில்லையே" என்றார்.

பின்னர் அவரே சொன்னார். பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளிப் பால் பிடிக்கும் பருவத்தில் அந்த மணம் காட்டுக்குப் போகிறது. பண்டி தின்பது ஒரு பங்கு. உழக்கிச் சாய்ப்பது மூன்று பங்கு. பத்துப் பண்டி ஓர் இரவு வந்தால் அரை ஏக்கர் படுத்துவிடும். வரம்பையும் கிண்டிவிடும், வரம்பு போனால் தண்ணீரும் போய்விடும். கடன்பட்டு விதைத்தவன் காலையில் வந்து பார்த்தால் அழுவதா, பாயை விரித்து அங்கேயே படுப்பதா என்று தெரியாது. முன்னைய நாட்களில் பரண் கட்டி, தீ மூட்டி, தகரப்பேணிகளைக் கயிற்றில் கோத்து இழுத்து, பாட்டுப் பாடி விழித்திருந்தார்கள். போர் நடந்த ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்து போக, எத்தனையோ வயல்கள் காடாயின. இரவில் விளக்கேற்றிக் காவல் இருக்கவும் எவருக்கும் துணிவில்லை. 2009க்குப் பின்னர் திரும்பி வந்து காடு வெட்டியபோது, தாம் இல்லாத காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள் யார் என்பது தெரிந்தது. ஒரு பிணவு ஆண்டுக்கு நாலைந்து குட்டி என்றால், அவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகரே கணக்குப் பார்க்கலாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் விவசாயிகளுக்கு அதன் இறைச்சியும் விலக்கு. வேட்டையாடினாலும் பயனில்லை, விரட்டுவது ஒன்றே வழி. எந்த ஊரவர் ஆனாலும் கண்ணீர் ஒன்றுதான் என்றார் பெரியவர்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் திடீரென்று சுவரைக் காட்டி, "அம்மப்பா, இதன் தாடையில் பாதி எங்கே?" என்றான்.

அந்த வீட்டில் பதினான்கு ஆண்டு வளர்ந்த பிள்ளை அதுவரை அதைக் கேட்டதில்லை போலும். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டத்தை எடுத்தார், வைத்தார். பின்னே நம்மைப் பார்த்துப் பேசினார், பேரனைப் பார்க்கவில்லை.

வெடி வைத்தது அவர்தாம். தின்பண்டத்துக்குள் மறைத்து வைக்கும் வெடி. சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் என்பார்கள். தாடைவெடி என்று பொருள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவுட்டுக்காய் என்று வழங்குவதும் அதுவே. கடித்த கணத்தில் வாய்க்குள் வெடிக்கும். அயலவர் வைத்தார்கள், அவரும் வைத்தார். அன்று இரவு சத்தம் கேட்டது. காலையில் இரத்தம் இருந்தது, பண்டி இல்லை. மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரத்தில் கண்டார். அது சாகவில்லை. தண்ணீருக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. குடிக்க முடியவில்லை. ஆளைக் கண்டும் ஓடவில்லை. அதன் பின்னே கோடு மறையாத குட்டிகள் நாலு. ஆணென்று நினைத்து வைத்த வெடியைக் கடித்தது பிணவு.

"கொம்பு சிறிதாக இருக்கிறதைப் பார்த்தீர்களே, அப்போதே நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். நாம் கவனித்திருக்கவில்லை. பல்லைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், சுவரில் இருப்பது பெண் என்பதை அறியவில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் அதைக் கோடரியால் அடித்துக் கொன்றார். குட்டிகளில் இரண்டை நாய்கள் பிடித்தன. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியாது. அன்றைக்குப் பிறகு அவர் வெடி வைக்கவில்லை. மண்டையோட்டைப் பெருமைக்காக மாட்டவில்லை என்றும், ஏன் மாட்டினார் என்பது தமக்கே சரியாகத் தெரியாது என்றும் சொன்னார்.

பன்றிக்கென வைப்பது பன்றியோடு நிற்பதில்லை. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் இளம் யானைக்கன்றுகள் இலங்கையில் இந்த வெடியினால் தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் நின்று சாகின்றன. கட்டுத்துவக்கு வழியிலே போகும் மனிதனையும் அறியாது, மாட்டையும் அறியாது. 2020ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்தின் பாலக்காட்டில் சினைப்பட்ட யானையொன்று வெடி பொதிந்த காயைக் கடித்து, வாய் புண்ணாகி, வெள்ளியாற்று நீரில் நின்றபடியே 27ஆம் திகதி உயிர் விட்டது. அதற்கு முதல் நாள் இலங்கை மலைநாட்டிலே நல்லதண்ணிப் பக்கத்தில், காண்பதற்கு மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக்கம்பியில் மாட்டி, சில நாளில் இறந்தது. பன்றிக்கு விரித்த கம்பியிலே, பன்றியைத் தின்று குறைக்கும் சிறுத்தை மாட்டிற்று!

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர் கேட்கலாம். இலங்கையின் 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காட்டுப்பன்றியைக் காக்கப்பட்ட விலங்காகக் கொள்ளவில்லை; எனினும் தாடைவெடியும் கட்டுத்துவக்கும் குற்றமே. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் அரசு ஒரு முறை வகுத்தது. காட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வந்த பன்றியைச் சுடுவதில்லை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டுக்குள் விடுவது. மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் மாத்திரம் சுடுவது. கோடு போடுவது தாளில் எளிது. பன்றிக்குக் கிலோமீற்றர் தெரியாது என்பது ஒரு பக்கம் இருக்க, தன் வயல் எந்தக் கோட்டுக்குள் கிடக்கிறது என்பதை இருட்டில் உழவன் எப்படி அறிவான்? ஆயினும் யார் சுடலாம், யார் கூடாது என்று சொல்ல முற்பட்டது ஒரு தொடக்கம் என்றே கொள்கிறோம்.

மறுநாள் மாலை பெரியவர் தம்பலகாமத்துக்குப் போகப் புறப்பட்டார். மருத்துவர் வேண்டாம் என்றிருந்தார், மகள் கோபித்துக்கொண்டாள். பையன் தானும் வருவேன் என்று நின்றான். நாமும் கூடச் சென்றோம். பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின்னர் வரம்பில் நடை. பழைய பரண் இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை போட்ட ஒரு குடில் இருக்கிறது. வயலைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டி, அதன் மேல் கயிறு ஓட்டி, கயிற்றில் பேணிகளைக் கோத்திருந்தார்கள். வலை உள்ள பக்கத்தில் வருவது குறைவு. கிழிந்தால் உடனே கண்டுபிடித்துவிடும் என்று காவற்காரர் சொன்னார்.

நிலவு இல்லை. பால் பிடித்த வேளாண்மையின் மணம் நம் மூக்குக்கே எட்டிற்று. அந்த மூக்குக்கு எவ்வளவு எட்டியிருக்கும்! இரண்டு மணிக்கு மேல் இருக்கும், காட்டோரத்தில் குச்சி முறியும் ஒலி. பின்னே மெல்லிய உறுமல், அதற்குப் பதிலாகப் பல சிறு குரல்கள். குட்டியோடு வந்திருக்கின்றன என்று பெரியவர் காதோடு சொன்னார். கயிற்றைப் பேரன் கையில் கொடுத்தார். பையன் சற்று நேரம் இழுக்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்தான். வலை அசைந்தபோது முழுப் பலத்தோடும் இழுத்தான். ஐம்பது பேணிகளும் ஒருங்கே அலறின. டோர்ச் வெளிச்சத்தில் கறுத்த முதுகுகள் வரிசையாகக் காட்டுக்குள் பாய்வதும், கடைசியில் கோடிட்ட சிறு உருவங்கள் தடுமாறி ஓடுவதும் தெரிந்தன.

"எத்தனை, அம்மப்பா?"

"எண்ணவில்லை. நாளைக்கும் வரும், அப்போது எண்ணுவோம்" என்று சொல்லி, கயிற்றை வாங்கித் தூணில் மறுபடியும் கட்டினார்.